கலம்காரியா, கஞ்சிப் பசையா, கட்டமா? டெல்டா மாணவர்களின் ஜவுளி வடிவமைப்பு ப்ராஜெக்டுக்கு எது சரிப்படும்

கடைசி ஆண்டு ஜவுளி வடிவமைப்பு மாணவர்களிடம் ப்ராஜெக்டுக்கு என்ன யோசனை என்று கேட்டால், டெல்டாவில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கோயில் சிற்பம், கலம்காரி (குச்சியால் வரைந்து சாயமேற்றும் துணி ஓவியம்), பட்டுச் சேலை. மூன்றும் நம் ஊர்ச் சொத்து, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசனையை ஒரு நாள் தேர்ந்தெடுக்கிறார்கள், உத்தியை இன்னொரு நாள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் பொருந்துமா, இருக்கிற நாட்களுக்குள் முடியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஏப்ரலில் மேசைமேல் வந்து கிடப்பது இணையத்தில் இறக்கிய ஒரு யாளியும், அதை அச்சடித்த பாலியஸ்டர் துணியும்.

மாணவர்களுக்கு கைடாக இருக்கிறவன் என்ற முறையில் நான் கேட்கச் சொல்வது இரண்டு கேள்விகள். யோசனையைப் பொறுத்தவரை, இதை நேரில் போய்த் திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா? உத்தியைப் பொறுத்தவரை, சமர்ப்பிக்கும் தேதிக்குள் இதை எத்தனை முறை செய்து, கெடுத்து, மறுபடி செய்ய முடியும்? அழகு, பாரம்பரியம், புதுமை எல்லாம் அதற்கு அப்புறம். பத்து மாதிரித் துண்டு செய்தவரின் பதினோராவது துண்டு எப்போதும் நன்றாக இருக்கும். ஒரே ஒரு சேலையை மட்டும் செய்தவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது.

டெல்டாவில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. தண்ணீர்.

ஆற்றின் நாட்காட்டி

இரண்டாம் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. அதாவது உங்கள் ப்ராஜெக்ட் சூடு பிடிக்கும் பிப்ரவரியில் அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் ஓட்டம் நின்றுவிடும். டிசம்பரிலோ வடகிழக்குப் பருவமழை முழுக்க விட்டிருக்காது. மெழுகோ பசையோ தடவிய துணி காயாது. சாயத்துக்கும் வெயிலுக்கும் ஓடும் தண்ணீருக்கும் ஒருசேரத் தோதான காலம் ஜனவரி ஒன்றுதான். பொங்கல் விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது என்பது மாணவர்களுக்குப் பிடிக்காத செய்தி.

ஆறு இல்லாவிட்டால் போர் தண்ணீர். அதில் இரும்பு கலந்திருந்தால் படிகாரம் போட்டு எடுக்கும் சிவப்பு மங்கிப்போய்ச் செங்கல் பழுப்பாகிவிடும். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கடுக்காய் ஊறிய நீரைக் கொஞ்சம் விடுங்கள். சாம்பல் நிறமோ மைக்கறுப்போ தட்டினால் இரும்பு இருக்கிறது. கடலோரப் பக்கம் வேதாரண்யம், தரங்கம்பாடி ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அங்கே இருக்கிற மாணவர் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம், அல்லது தண்ணீரே தேவைப்படாத உத்திக்குப் போகலாம். அப்படியும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

யோசனை எங்கிருந்து

முதலில் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் ஆடல் மகளிரின் ஆடைகளைப் பார்த்தாலே ஒரு ப்ராஜெக்டுக்குப் போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவை கருவறையைச் சுற்றிய உள் சுற்றறையில் இருக்கின்றன. பொதுமக்களை அங்கே விடுவதில்லை. நீங்கள் பார்க்கப் போவது புகைப்படத்தின் புகைப்படம். அதைப் பார்த்து வரைந்தால் ஏற்கெனவே யாரோ தேர்ந்தெடுத்த கோணம்தான் உங்களுக்கும் கிடைக்கும். திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபம் வேறு மாதிரி. புராணச் சோழ மன்னன் முசுகுந்தனின் கதையைச் சொல்லும் 17-ஆம் நூற்றாண்டு விதான ஓவியங்கள் தலைக்குமேல் இருக்கின்றன. கழுத்து வலிக்க நின்று பார்த்தால் எத்தனை வகைக் கரை, கோடு, கட்டம் என்று தெரியும். ஓவியத்தில் வரும் தெய்வத்தை விட்டுவிட்டு, கூட்டத்தில் நிற்கிறவர் கட்டியிருக்கும் வேட்டியின் கரையைப் பாருங்கள். வடிவமைப்பு மாணவருக்குப் புதையல் அங்கேதான்.

தாராசுரம் எனக்கு இன்னும் பிடித்தது. ஐராவதேசுவரர் கோயில் மண்டபத் தூண்களில் கொடிக்கருக்கு, அதாவது செதுக்கிய கொடி வேலைப்பாடு, சுருண்டு சுருண்டு வட்டமாகி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு சின்ன உருவம் ஆடும். மாணவர்கள் உருவத்தைத்தான் வரைகிறார்கள். உண்மையில் துணிக்கு வேண்டியது அந்தக் கொடி ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குத் தாவும் இடம். திரும்பத் திரும்ப வரும் வடிவத்தின் ரகசியமே அந்த இணைப்பு. அதைப் பிடித்துவிட்டால் உள்ளே யாளியை வைத்தாலும் சரி, தவளையை வைத்தாலும் சரி. அங்கே போகிறவர்கள் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட சின்னம், யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. தேய்த்துப் படியெடுக்கும் ஆசை இருந்தால் வீட்டில் கோரைப்பாய், பனையோலை முறம், பித்தளைத் தாம்பாளம் இருக்கின்றன. மெழுகு கிரேயானும் மெல்லிய தாளும் போதும். கோயில் தூணில் கிடைக்காத நெசவுத் தடம் பாயில் கிடைக்கும்.

அடுத்தது நிலம். இதைத்தான் நான் கோயிலுக்கு மேலே வைப்பேன், காரணம் எளிமையானது. அது மாறிக்கொண்டே இருக்கிறது, திரும்பப் போனால் வேறொன்று கிடைக்கும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிறகு இன்னும் பிரிந்து போகும் வரைபடத்தை எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது கொஞ்சம் பழகிப்போன யோசனை. வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தை யாரும் தொடுவதில்லை. செவ்வகச் செவ்வகமாகப் பாத்திகள், நடுவே மண் வரப்புகள். ஒரு பாத்தியில் கலங்கல் சாம்பல், அடுத்ததில் கண்ணாடி போல் வானம், நீர் முற்றிய சில பாத்திகளில் லேசான இளஞ்சிவப்பு, கரையில் வெள்ளைக் குவியல். மழை ஓய்ந்து ஜனவரிக்குமேல் பாத்தி கட்டும் வேலை தொடங்கும். உங்கள் பருவமும் உப்புப் பருவமும் ஒன்றாகவே நகரும். 1930-இல் ராஜாஜி உப்பெடுக்க நடந்து வந்த கரையும் அதுதான். ஆனால் அந்த வரலாற்றைத் துணியில் திணிக்க வேண்டாம், ரெக்கார்டு நோட்டில் ஒரு பத்தி போதும்.

நிலத்தோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல். இப்போது கல்லூரியில் இருக்கும் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரே திசையில் சாய்ந்து கிடந்த தென்னைகளை நேரில் பார்த்தவர்கள். இதை எடுக்கிற மாணவர் உடைந்த வீடு, அழும் முகம் என்று போகாமல், சாய்ந்த கோடுகளின் திசையை மட்டும் எடுத்துக்கொண்டால் வலுவான வடிவம் கிடைக்கும். ஆனால் திரும்பப் போய்ப் பார்க்க முடியாதே, உங்கள் கேள்விப்படி இது தேறாதே என்று கேட்பீர்கள். தேறாதுதான். வீட்டில் எடுத்த புகைப்படமும் பெரியவர்களின் பேச்சும் கையில் இருந்தால் விதிவிலக்கு கொடுக்கலாம். அவை இரண்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கக் கூடியவை.

மூன்றாவது, அன்றாடப் பொருள். கோலம், குத்துவிளக்கு, தலையாட்டி பொம்மை வேண்டாம், தேர்வாளர்கள் பார்த்துச் சலித்துவிட்டார்கள். என் ஓட்டு வெற்றிலைக்கு. கும்பகோணம், அய்யம்பேட்டை, ராஜகிரிப் பக்கம் கொடிக்காலுக்குள் போனால் அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும், நடுவே தண்ணீர் நிற்கும் வாய்க்கால். செங்குத்துக் கோடு, அதன்மேல் இதய வடிவம், கீழே அதன் நிழல். சந்தைக்கு வந்தபின் அதே இலை கவுளியாக அடுக்கப்படும். அடுக்கின் ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்: நூறு இலையின் விளிம்பும் சேர்ந்து அலை அலையாக ஒரு கோட்டுக் கட்டு. அதை வரைய யாரும் சொல்லித் தர வேண்டாம். தினமும் பெட்டிக்கடையில் பார்க்கலாம், செலவும் கிடையாது.

எதை எடுத்தாலும் யோசனையை வளர்க்கும் வேலை ஒன்றுதான். ஓர் அட்டையில் இரண்டு அங்குலச் சதுர ஓட்டை போட்டு, அதைப் புகைப்படத்தின்மேலும் ஓவியத்தின்மேலும் நகர்த்துங்கள். பொருள் இன்னதென்று தெரியாமல் வடிவம் மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்தி வரையுங்கள். வரைந்ததைக் கறுப்புத் தாளில் கத்தரியுங்கள். கத்தரி நுணுக்கத்தை உதறிவிடும், மிச்சமிருப்பதுதான் துணியில் நிற்கும். நான்கு படி எடுத்து நேராக அடுக்கிப் பாருங்கள், பிறகு ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பாதி இறக்கி அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் வெல்லும், வடிவங்களுக்கு நடுவே தேவையில்லாத நேர்க்கோடு விழாது. டிசம்பர் மழையில் செய்ய வேண்டிய வேலை இது.

உத்திகள்: கலம்காரி

இனி உத்தி. கலம்காரிதான் பெரிய ஆசை, அதையே முதலில் பார்ப்போம்.

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் கோடாலிக் கருப்பூர் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்குச் சேலை செய்து கொடுத்த ஊர். சரிகைப் பூ இடையிடையே நெய்த பருத்தித் துணி, அதன்மேல் மெழுகுத் தடுப்பு, அதன்மேல் சாயம். மண்சிவப்புக்குள் இருந்து சரிகை மின்னும். 1855-இல் அந்த அரச மரபு முடிந்தபின் சேலை நெய்யச் சொல்ல ஆளில்லை. இன்று அதன் துண்டுகளை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க வேண்டும். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. துணி ஓவிய மரபு மட்டும் கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் விதானம், தொம்பை (உருளை வடிவத் தொங்கல்), வாசமாலை (வாசல் தொங்கல்) என்று தொடர்கிறது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சேலையை அப்படியே மீட்கப் போகிறேன் என்று ஒரு மாணவர் சொன்னால் நான் கைகூப்பி அனுப்பிவிடுவேன். நெசவும் மெழுகும் சாயமும் மூன்று தனித் தொழில்கள், ஒரு பருவத்தில் ஒருவர் கையில் அடங்காது. சரி, ஓவியம் மட்டும் என்றால்? முறையைப் பாருங்கள். காடாத் துணியின் கஞ்சி போக ஊறவைத்துத் துவைக்க வேண்டும். கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும், பாலின் கொழுப்பு கோடு பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த கசிமை மூங்கில் குச்சியில் தொட்டு வரைந்தால் கறுப்புக் கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர் தடவி, துணியைத் துவைத்து, மஞ்சிட்டியிலோ சாயவேரிலோ காய்ச்ச வேண்டும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மஞ்சிட்டியைக் கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும், அடுப்பு பக்கத்திலேயே நிற்க வேண்டும். நீலத்துக்கு மற்ற இடமெல்லாம் மெழுகு மூடி அவுரித் தொட்டி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஓடும் தண்ணீரில் அலசல். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த இரும்பும் படிகாரமும் வெள்ளைத் தரையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு துண்டு முழுதாக முடியவே பல நாள். பிப்ரவரியில் ஆறு இல்லை. கோடு தவறினால் அழிக்க வழியில்லை. என் இரண்டாவது கேள்வியில் முழுக் கலம்காரி தோற்றுப்போகிறது.

ஆனால் கறுப்புக் கோடு மட்டும் எடுத்துக்கொண்டால் கதை மாறும். கடுக்காய்த் துணி, கசிம், குச்சி, ஓர் அலசல், அவ்வளவுதான். ஒரே நாளில் பல துண்டு வரையலாம். கசிமைத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்தால் சாம்பலின் பல படிகள் கிடைக்கும். கசிம் புளிக்க நாள் ஆகும் என்பதால் டிசம்பர் முதல் வாரமே பானையைப் போட்டுவிட வேண்டும். அதை மறந்துவிட்டு ஜனவரியில் வந்து நிற்கிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. அடர்த்தி கூடிவிட்டால் இரும்பு நாளடைவில் துணியையே அரிக்கும், அதனால் மெல்லிய துணியில் வேண்டாம். சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலைஞரிடம் போய் உட்கார்ந்து பார்க்க விரும்பினால் முன்கூட்டிக் கேளுங்கள், அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். ஓசியில் கற்றுக்கொண்டு போய் மதிப்பெண் வாங்குவது நியாயமில்லை. உங்கள் துணியைக் கருப்பூர் கலம்காரி என்று ரெக்கார்டில் எழுதவும் கூடாது. அந்தப் பெயர் அந்த ஊர்க்காரர்களுடையது.

கஞ்சிப் பசை

மெழுகுக்குப் பதில் மாவுப் பசையால் சாயத்தைத் தடுப்பது உலகில் பல இடங்களில் உண்டு. ஜப்பானில் ஒட்டரிசி மாவும் தவிடும் சேர்த்துச் செய்கிறார்கள். ராஜஸ்தானில் களிமண், சுண்ணாம்பு, பிசினோடு வண்டு அரித்த கோதுமைத் தூளைச் சேர்த்துச் சேற்றுத் தடுப்புச் செய்கிறார்கள். நெல் விளையும் ஊரில், வண்டல் மண்ணும் இருக்கிற இடத்தில், இதை நம் மாணவர்கள் முயலாதது எனக்கு ஆச்சரியம்தான்.

நம்மூர்ப் பச்சரிசி மாவு மட்டும் போதாது, ஜப்பான் ஒட்டரிசி அளவுக்கு ஒட்டாது. மைதா கொஞ்சம், நன்றாகச் சலித்த தவிடு கொஞ்சம், வெடிக்காமலிருக்க ஒரு சிட்டிகை உப்பு. களி பதத்துக்குக் கிண்டி, ஆறவைத்து, மருதாணிக் கோனில் அடைத்துக் கோடு போடலாம். டெல்டாவில் கல்யாணத்துக்கு மருதாணி வைக்கத் தெரியாத பெண் பிள்ளைகள் குறைவு. அந்தக் கைப்பழக்கம் அப்படியே இங்கே வேலை செய்யும். பையன்களுக்கு அட்டையில் வெட்டிய ஸ்டென்சில் இருக்கிறது. வெயிலில் நன்றாகக் காய்ந்தபின் சாயத்தைப் பிரஷ்ஷால் தடவ வேண்டும், முக்கக் கூடாது. முக்கினால் பசை ஊறிக் கரையும்.

சாயம் எது? கடுக்காய்த் துணிமேல் பசைக்கோடு போட்டு மேலே கசிம் தடவினால் கறுப்புத் தரையில் பாதாம் நிறக் கோடு. பார்க்க மிக நன்றாக இருக்கும். ஆனால் பசையைக் கழுவும்போது இரும்பு கரைந்து வந்து கோட்டுக்குள் புகாமலிருக்க நிறைய, வேகமாக ஓடும் தண்ணீர் வேண்டும். ஜனவரி 28-க்குள் இந்த வேலையை முடிக்கச் சொல்வது இதனால்தான். அதற்குப் பிறகு என்றால் பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்துக்கு மாறிவிடுங்கள். அது சோடா ஆஷோடு சூடில்லாமலே பிடிக்கும், மோட்டார் போட்டுக் கழுவினால் போதும். சாயத் தண்ணீரை ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பசைக்கு அடுப்பில் உருகும் மெழுகு தேவையில்லை, அதனால் ஹாஸ்டல் அறையிலும் செய்யலாம். கெட்டுப்போனால் நட்டம் ஒரு கைப்பிடி மாவு. குறை என்னவென்றால், நுணுக்கம் வராது. கண், விரல், நகை எல்லாம் இதில் கூழாகிவிடும். தாராசுரத்து ஆடல் உருவம் வேண்டுமென்றால் குச்சிக்குப் போங்கள். வெற்றிலைக் கவுளியின் விளிம்புக்கோடு வேண்டுமென்றால் இதைவிடத் தோதான உத்தி இல்லை. பசை அங்கங்கே வெடித்து உள்ளே நுழையும் சாயக் கீறல்கள் இலை நரம்பு மாதிரியே வரும்.

பட்டும் கட்டமும்

நெசவு என்றாலே திருபுவனம் நினைவுக்கு வரும். திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது. தறியில் வடிவத்தை எழுப்பும் ஜக்கார்டு பெட்டியில் புது வடிவம் போட, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக எழுதி, அட்டை அடித்து, தறியில் ஏற்றி, பாவு (நீளவாக்கு நூல்) பூட்டி... மாணவர் ப்ராஜெக்டுக்கு இது ஆகாது. வீட்டிலேயே தறி இருக்கும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. அவர்களுக்கும் நான் சொல்வது, அட்டையைத் தொடாதீர்கள், இருக்கிற பாவில் ஊடையின் (குறுக்கு நூலின்) நிறத்தையும் அடர்த்தியையும் மாற்றிப் பாருங்கள்.

ஜக்கார்டு இல்லாமலே நம் டெல்டாவில் நெசவுப் புகழ் வாங்கிய ஊர் இருக்கிறது: மயிலாடுதுறையின் கூறைநாடு. பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட கல்யாணக் கூறைச் சேலை. இன்று நெய்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் உங்கள் பாட்டியின் பெட்டியில் ஒன்று இருக்க வாய்ப்புண்டு, கேட்டுப் பாருங்கள். கட்டத்தின் வடிவமைப்பு முழுக்கப் பாவிலும் ஊடையிலும் நூல் நிறங்கள் எந்த வரிசையில், எத்தனை எத்தனை வருகின்றன என்பதில் அடங்கிவிடுகிறது. அதைத் தறியில்லாமல் சோதிக்க வடிவமைப்பாளர்கள் செய்வது: இரண்டங்குல அகல அட்டையில் நூலை நெருக்கமாகச் சுற்றுவது. உப்பளப் புகைப்படத்தில் சாம்பல் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, இளஞ்சிவப்பு எவ்வளவு என்று கண்ணால் அளந்து, அதே விகிதத்தில் சுற்றுங்கள். இளஞ்சிவப்பு இரண்டே இழைதான் வரும், ஆனால் அந்த இரண்டிழைதான் முழு அட்டையையும் உயிர்ப்பிக்கும். ஒரு மாலை நேரத்தில் பல அட்டை முடிக்கலாம். மாதிரி எண்ணிக்கையில் எந்த உத்தியும் இதைத் தொட முடியாது. பிறகு தேறிய இரண்டை மட்டும் சட்டத்தறியில் சின்னத் துண்டாக நெய்தால் போதும்.

தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம். நூல்கடையில் கிடைக்கும் நிறங்களுக்குள் அடங்கிப் போக வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் தடை. இன்னொரு தடை மனத்தடை: கட்டம் போட்டால் டிசைன் போட்ட மாதிரியே தெரியவில்லை என்று மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தேர்வாளர் நெசவு தெரிந்தவராக இருந்தால் அவருக்கு அட்டைகளே போதும்.

தேர்ச்சீலையும் மற்றவையும்

கட்டத்தைப் போலவே தண்ணீரே வேண்டாத இன்னொரு உத்தி தேர்ச்சீலை, அதாவது துணிமேல் துணி வெட்டி ஒட்டித் தைப்பது. தேருக்கும் மண்டபத்துக்கும் தொங்கவிடும் தொம்பைகளில் இருப்பது இந்த வேலைதான். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று தட்டையான நிறங்கள், தூரத்திலிருந்து தெரியும் பெரிய வடிவங்கள். இதற்குத் தாள் வெட்டும் பயிற்சி நேரடியாகப் பயன்படும். கஜாவில் சாய்ந்த தென்னைக் கோடுகளை ஆறடி நீளத்தில் காட்ட வேண்டுமென்றால் சாயத்தில் கை நடுங்கும். இதில் துண்டுகளைத் தரையில் பரப்பி, நகர்த்தி, சரியென்று தோன்றியபின் தைக்கலாம். ஒரு தையல்கூடப் போடாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்க முடிகிற உத்தி இது ஒன்றுதான். ஓரத்தை மடித்துத் தைத்தால் அழகு, நேரம் பிடிக்கும். மெஷினில் ஜிக்ஜாக் போட்டால் வேகம், ஆனால் கோடு தடிக்கும். கூர்முனை, நெருங்கிய வளைவு இரண்டையும் வரைபடத்திலேயே தவிர்த்துவிடுங்கள்.

வாழைநாரைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். திருவையாறு வாழைத்தோட்டம் பக்கத்திலேயே இருக்க, நாரைத் துணியாக்கினால் என்ன என்று. நார் விறைப்பு, முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டும், பாவாக இழுத்தால் அறுபடும், ஊடையாகவே பயன்படும். பை, மேசை விரிப்புக்குச் சரி. உடுக்கும் துணி என்று சொல்லி ஆரம்பிக்காதீர்கள்.

ஸ்கிரீன் பிரிண்ட் தாம்பூலப் பை அடிக்கும் கடைகளில் எளிதாகச் செய்து தருவார்கள். அது உற்பத்திக்கு நல்லது. யோசனை வளர்க்கும் காலத்தில் ஸ்கிரீன் போட்டுவிட்டால் வடிவம் அங்கேயே உறைந்துவிடும். டிஜிட்டல் பிரிண்டும் அப்படியே, என்றாலும் பாதி இறக்கி அடுக்கிய வடிவம் பெரிய அளவில் எப்படித் தெரியும் என்று ஒரு மீட்டர் அடித்துப் பார்க்க அது உதவும்.

யாருக்கு எது

கை நுணுக்கமாக ஓடும், பொறுமை உண்டு, கும்பகோணம் வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்றால் தாராசுரத்துக் கொடியும் கசிம் கோடும். சிவப்பு ஆசையை ஒரே ஒரு மாதிரியில் தீர்த்துக்கொள்ளுங்கள், முழுப் ப்ராஜெக்டையும் அதன்மேல் ஏற்ற வேண்டாம். கடலோரத்தில், உப்புத் தண்ணீரோடு இருக்கிறவர்களுக்கு உப்பளமும் கட்டமும். நூல் சுற்றிய அட்டைகளே உங்கள் பலம், அவற்றை ரெக்கார்டின் கடைசியில் ஒளிக்காமல் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். இன்னது என்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கு, என்னைக் கேட்டால், வெற்றிலையும் கஞ்சிப் பசையும். யோசனையைத் தினமும் பார்க்கலாம், மாதிரி சீக்கிரம் வரும், செலவு குறைவு, பசைக்கும் இலைக்கும் ஒத்துப்போகிறது. அதிலும் ஐந்தரை மீட்டர் சேலை வேண்டாம். ஒன்றரை மீட்டர் துண்டில் வடிவம் நிற்கிறதா என்று காட்டினால் போதும். சேலை என்பது பெரும்பாலும் அம்மாவுக்குக் கொடுப்பதற்காகத்தான், அதைத் தேர்வு முடிந்து மே மாதத்தில் செய்துகொள்ளலாம்.

பிப்ரவரி பாதியில்தான் விழித்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குக் கடுக்காயும் வேண்டாம், தறியும் வேண்டாம், தேர்ச்சீலை ஒன்றுதான். இன்றைக்கே தையல் கடையில் சொல்லி வெட்டுத் துணியைச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். பருத்தியை மட்டும் பிரித்து எடுங்கள். பாலியஸ்டர் கலந்தால் இஸ்திரி போடும்போது மடிப்பு நிற்காது.